ஆபரேஷன் தியேட்டருக்குள் யார் வாய் திறக்கலாம்?

"ஆபரேஷன் பண்றது எந்த டாக்டர்? கைராசிக்காரரா?"

சோழபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ ஆபரேஷனுக்குக் கிளம்பும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால், தியேட்டருக்குள் ஒரு ஜோடிக் கை மட்டும் வேலை செய்வதில்லை. மயக்க மருந்து டாக்டர், உதவி டாக்டர், கருவிகளை எடுத்துக்கொடுக்கும் நர்ஸ், டெக்னீஷியன் என்று ஒரு குழுவே நிற்கிறது. அவர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் காதில் வாங்குகிறார்களா என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

நர்ஸ் சொன்னார்... யாரும் கேட்கவில்லை!

2005-ல் இங்கிலாந்தில் நடந்தது இது. சைனஸ் பிரச்னைக்காக ஒரு பெண் ஆபரேஷனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவம் வாய்ந்த டாக்டர்கள் தொண்டை வழியாகக் குழாய் செருகத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். அதற்குள் ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். 'எதுக்கு இவ்வளவு பதற்றம்?' என்பதுபோல் டாக்டர்கள் பார்க்க, அதை ரத்து செய்துவிட்டார். 13 நாள்கள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார்.

அவருடைய கணவர் ஒரு விமானி. விமானத்தில் கேப்டன் தவறு செய்தால், துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பயிற்சியும் உண்டு, மதிப்பீடும் உண்டு. 'தியேட்டரில் மட்டும் ஏன் இல்லை?' என்று கேட்ட அவர், 2007-ல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

குழுவுக்கும் மார்க்!

குழுவாக வேலை செய்வதை அளக்க முடியுமா? முடியும். ஸ்காட்லாந்தில் 'நாட்ஸ்' என்ற முறையை உருவாக்கினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் சர்ஜனைக் கவனித்து நான்கு விஷயங்களுக்கு மார்க் போடுவார்: சுற்றி நடப்பதைக் கவனிக்கிறாரா, முடிவை எப்படி எடுக்கிறார், மற்றவர்களோடு எப்படிப் பேசுகிறார், குழுவை எப்படி நடத்துகிறார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. கத்தியைப் பிடிக்கும் திறமைக்கு இதில் மார்க் கிடையாது. நோக்கம் தண்டனை அல்ல. 'ரத்தக்கசிவைப் பத்தி அவர் சொன்னப்போ நீங்க பதில் சொல்லலையே' என்று பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துவதுதான்.

மூன்று முறை நின்று...

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன்பு, கத்தி வைப்பதற்கு முன்பு, நோயாளி தியேட்டரைவிட்டு வெளியேறும் முன்பு என மூன்று முறை எல்லோரும் நிற்க வேண்டும். பெயர் சரியா, எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா, பஞ்சும் கருவிகளும் எண்ணியாச்சா என்று சத்தமாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவருக்கு, ஆபத்தில் மறுபடி பேசத் தயக்கம் குறையும் என்பதுதான் கணக்கு.

டெல்லி உட்பட எட்டு நகரங்களில், அமெரிக்க டாக்டர் அதுல் கவாண்டேவின் குழு இதைப் பரிசோதித்தது. மரணங்கள் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவிகிதமாகவும் குறைந்தன. ஆனால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான முடிவில், பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பட்டியலில் டிக் அடித்தால் மட்டும் போதாது. ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். பேசுகிறார்களா என்று யாராவது பார்க்கவும் வேண்டும். மதிப்பீடு தேவைப்படுவது அதனால்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* "ஆபரேஷனுக்கு முன்னாடி செக்லிஸ்ட் பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள்.
* கை, கால், கண், சிறுநீரகம் என்றால் எந்தப் பக்கம் என்பதை நீங்களே சொல்லி, தோலில் அடையாளம் போடச் சொல்லுங்கள்.
* மருந்து அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகளை எழுதி எடுத்துப்போங்கள். மயக்க மருந்து டாக்டரிடமும் நேரடியாகச் சொல்லுங்கள்.
* ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது மறதி அல்ல, பாதுகாப்பு.

டாக்டரின் கைராசியை விசாரியுங்கள், தப்பில்லை. கூடவே, 'அவர்கிட்ட நர்ஸ் தைரியமாப் பேச முடியுமா?' என்றும் விசாரியுங்கள்.