ஆல்ப்ஸ் சாரலிற் சரளைப் பாதையும் சைக்கிள் யாத்திரையும்

மலையைக் கண்ட மாத்திரத்தில் அதன் உச்சியை அடைய விரும்புவோர் பலர். அதன் அடியிலே ஆறு வகுத்த வழியைப் பற்றி மெல்லச் சென்று, மலையின் உள்ளிடத்தை அறிய விரும்புவோர் சிலரே. இவ்விரண்டாம் வகையாருக்கு ஏற்றதாக இக்காலத்தில் ஒருவகைச் சைக்கிள் தோன்றியுள்ளது. அதனைக் கிராவல் சைக்கிள் என்பர்; சரளைச் சைக்கிள் என யாம் கூறலாம். ஐரோப்பாவின் நடுவே நிற்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் இதற்கு மிகவும் இசைந்த இடங்களாம். அங்குள்ள வழிகளுள் தொன்மை மிக்க ஒன்றைத் தெரிந்தெடுத்து, சைக்கிளின் இயல்பையும், வழியின் இயல்பையும், அவ்வழியே செல்வோன் கற்கும் பாடத்தையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, சைக்கிளின் அமைப்பை நோக்குவோம். பந்தயச் சைக்கிளின் டயர் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலமுடையது. காற்று இறுக அடைக்கப்பெற்றது. சரளைச் சைக்கிளின் டயரோ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகன்றது. அதிற் காற்றின் அழுத்தமும் குறைவு. இதன் காரணம் யாதெனில், கடினமான டயர் ஒரு கூழாங்கல்லின்மேல் ஏறும்போது சைக்கிளும் அதன்மேல் அமர்ந்தவனும் ஒருங்கே மேலே தூக்கப்படுகின்றனர். அதற்குச் செலவாகும் ஆற்றல் முன்செல்லும் வேகத்தினின்றே எடுக்கப்படுகின்றது. டயர் மெத்தென்றிருப்பின் கல் அதனுள் அமிழ்ந்துவிடும், பாரம் எழும்புவதில்லை. ஆயினும், காற்று அளவுக்கு மிஞ்சிக் குறையுமாயின் சக்கரத்தின் இரும்பு விளிம்பு போன்ற ஓரம் கல்லில் மோதிப் பழுதுபடும். இனி, ஏற்றத்திற்கென முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரிய பற்சக்கரமும் உள்ளன. இவற்றுட் சங்கிலியைப் பொருத்தின், மிதி ஒருமுறை சுழலும்போது பின்சக்கரமும் ஏறக்குறைய ஒருமுறையே சுழலும். வேகம் குறைந்தாலும் முழங்கால் வருந்தாது. நெடிய இறக்கங்களில் சக்கர விளிம்பு சூடேறாவண்ணம், பிரேக்கானது சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டையே பற்றுகின்றது.

இனி வழியைக் காண்போம். கி.மு. 15ஆம் ஆண்டில் உரோமத் தளபதியாகிய துரூசு என்பவன் ஆல்ப்ஸ் நாட்டாரோடு பொருது வென்றான். அவன் மைந்தனாகிய கிளாடியுச் சக்கரவர்த்தி, கி.பி. 46, 47ஆம் ஆண்டுகளில் தந்தை திறந்த அவ்வழியைப் பெருவழியாக அமைத்தான். வியா கிளாடியா அகஸ்டா என்பது அதன் பெயர். மெரான் நகருக்கு அணித்தாகிய ராப்லான்ட் என்னும் ஊரில் 1552இற் கண்டெடுக்கப்பட்ட மைற்கல் ஒன்று இச்செய்திக்குச் சான்றாகின்றது. போ ஆறு முதல் டான்யூப் ஆறு வரை 350 உரோம மைல் என்று அக்கல் கூறும். அது நம் கணக்கிற் சற்றேறக்குறைய 520 கிலோமீட்டர். இன்று அப்பெயரோடு வழங்கும் சைக்கிள் வழி, சுற்றி வளைந்து செல்வதனால் அதனினும் நீண்டது. அது முழுவதும் சரளையன்று. தாரிட்ட பகுதிகளும் உண்டு. ஆயினும், ஆற்றங்கரைகளிலும் காடுகளிலும் மரம் ஏற்றும் வண்டிகளுக்கும் உழவருக்கும் இட்ட கற்பொடிப் பாதைகளை இடையிடையே தழுவிச் செல்கின்றது.

உரோமர் இவ்வழியைத் தெரிந்துகொண்டமை சிந்திக்கத்தக்கது. பிரென்னர் கணவாயின் உயரம் ஏறக்குறைய 1370 மீட்டர்; இவ்வழி கடக்கும் ரெஷென் கணவாயோ ஏறக்குறைய 1500 மீட்டர். தாழ்ந்ததை விட்டு உயர்ந்ததைக் கொண்டது ஏன்? பிரென்னருக்குத் தெற்கே ஐசாக் ஆற்றின் இடுக்கு மிகவும் குறுகியது. அதனூடே வண்டி செல்லுதல் அரிது. ரெஷெனுக்கோ அகன்ற பள்ளத்தாக்குகள் வழிகாட்டுகின்றன. மலைவழியின் எளிமையை அளப்பது கணவாயின் உயரம் மாத்திரமன்று. அதனை அணுகும் பள்ளத்தாக்கின் தன்மையுமாம்.

வடக்கே ஆக்ஸ்பர்க் நகரினின்றும் புறப்படுவோன் லெக் என்னும் ஆற்றையொட்டித் தெற்கு நோக்கிச் செல்வான். பண்டு பனியாறுகள் அரைத்துக் கொணர்ந்த கல்லும் மண்ணுமே அங்குச் சிறு குன்றுகளாக நிற்கின்றன. அவற்றைக் கடந்து மலைக்குட் புகுந்தால், ஏறக்குறைய 1200 மீட்டர் உயரமுள்ள ஃபெர்ன் கணவாய் எதிர்ப்படும். சில ஆயிரம் ஆண்டுகட்குமுன் ஒரு மலைப்பக்கம் பெயர்ந்து வீழ்ந்ததனால் உண்டான மேடு அது. அதன் வடபால் லெர்மோஸ் என்னுமிடத்துச் சதுப்பு நிலத்தில், மரக்கட்டைகளை வரிசையாகக் கிடத்தி உரோமர் அமைத்த வழி அகழ்ந்து காணப்பட்டது. அம்மரங்களின் ஆண்டு வளையங்கள் அவை கி.பி. 46ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டன என்று காட்டுகின்றன. கல்லெழுத்துச் சொன்னதை மரமும் சொல்லுகின்றது!

கணவாயினின்று இறங்கியபின், இன் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பற்றி மேல்நோக்கிச் செல்லவேண்டும். வெயில் காயும் நாட்களில் மலைச்சரிவுகள் சூடேற, அவற்றின்மேலுள்ள காற்று எழும்; அதன் இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் அடியினின்றும் காற்று மேலேறி வீசும். இரவில் இது மாறும். ஆகவே ஆற்றுக்கு எதிராகச் செல்வோனுக்குப் பிற்பகற் காற்று பெரும்பாலும் துணையாகும். பின்னர், சுவிட்சர்லாந்தின் எல்லையிலுள்ள மார்ட்டினா என்னும் சிற்றூரினின்று 11 கொண்டையூசி வளைவுகள் உள்ள பாதை மேலே ஏறுகின்றது. நேரே ஏறினால் மூச்சு முட்டும் சரிவை வளைவுகள் நீட்டித் தணிக்கின்றன.

ரெஷென் கணவாயைத் தாண்டியதும் ஓர் ஏரியும், அந்நீரின் நடுவே தனித்து நிற்கும் ஒரு கோவில் மணிக்கூண்டும் தோன்றும். காண்போர் அதன் அழகைப் புகழ்ந்து படம் பிடிப்பர். அதன் வரலாறோ அழகியதன்று. மின்சாரத்தின்பொருட்டு அணைகட்டி நீரை உயர்த்தியபோது, 1950ஆம் ஆண்டில் கிரவுன் என்னும் ஊர் முழுவதும் நீரில் மூழ்கியது. மூழ்கிய வீடுகள் 163. விளைநிலம் 523 ஹெக்டேர். பதினான்காம் நூற்றாண்டுக் கூண்டு மாத்திரம் எஞ்சியது. ஊரார் மேட்டிலே புதிய ஊர் கட்டிக்கொண்டனர். பலர் வேறிடம் பெயர்ந்தனர். தொலைவிலுள்ள நகரங்கள் ஒளி பெற்றன; இவ்வூரின் அடுப்புகள் அவிந்தன. மோட்டாரில் விரைவோனுக்கு இது ஒரு நிமிஷக் காட்சி. சைக்கிளிற் செல்வோனோ ஏரிக்கரை நெடுகவும் அக்கூண்டைக் கண்டுகொண்டே செல்லவேண்டியவன். இதனை எளிதில் மறக்கமாட்டான்.

அப்பால் வின்ஷ்கௌ பள்ளத்தாக்கு. மெரான் நகர்வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குள் 1200 மீட்டர் அளவு இறக்கம். பக்க ஓடைகள் கொணர்ந்து விசிறிபோற் பரப்பிய மண்மேடுகளில் ஊர்கள் அமைந்துள்ளன; மால்ஸ் ஊரின் அருகேயுள்ள மேடு ஆல்ப்ஸிலே மிகப் பெரியவற்றுள் ஒன்று. மலைகள் முகிலைத் தடுத்தலால் இப்பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவே. ஆதலின் முன்னோர், உயரத்திலுள்ள ஓடைகளினின்று சரிவின் குறுக்கே மிக மெல்லச் சாயும் வாய்க்கால்களை வெட்டி நீர் கொணர்ந்தனர். இன்று ஆப்பிள் தோட்டங்கள் செழிக்கின்றன. வாய்க்காற் கரைப் பாதைகள் பெரும்பாலும் நடப்போர்க்கே உரியன. சைக்கிளுக்குப் பள்ளத்தாக்கின் அடியில் வேறு வழி உண்டு. களைத்தவர்க்கு இரயிலும் உண்டு: மெரானுக்கும் மால்ஸுக்கும் இடையே 1906இல் தொடங்கி, 1990இல் நிறுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் ஓடத்தொடங்கிய பாதை அது.

இவ்வழியிற் செல்வோன் நினைவிற் கொள்ளவேண்டியவை சில: வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல்; சரளையிலே முன் பிரேக்கைத் திடீரெனப் பற்றாமை; நடப்போர்க்கும் கால்நடைக்கும் வழிவிடுதல்; கோடையிலும் கணவாயிற் குளிர் உண்டென்று கம்பளியுடை கொண்டுசெல்லுதல்.

நண்பர்காள்! மெத்தென்ற டயர் கல்லுக்கு இடங்கொடுத்து அதனைக் கடக்கின்றது. பழைய வழி ஆற்றுக்கு இணங்கி மலையைக் கடக்கின்றது. வாய்க்கால் சரிவுக்கு இணங்கி வறண்ட நிலத்தை வளப்படுத்துகின்றது. இணங்காத வன்மையும் தன் காரியத்தை முடிக்கும். ஆனால் அதற்குரிய விலையை யாரோ ஒருவர் கொடுக்கின்றனர். நீரினின்று எழும் அம்மணிக்கூண்டு, அவ்விலையை மறவாதிருக்கும்படி வழிச்செல்வோர்க்கு உணர்த்திக்கொண்டு நிற்கின்றது.