நாற்பது மூடை நெல்லும் இரண்டு ரயர்களும்

கதிரவெளியில் நெல் அறுத்தவர் அதை வாழைச்சேனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டுமானால் வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி என்று 40 கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் இழுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இந்த வீதியில் ஒரு பெட்டியாவது ஒரு பக்கம் சாய்ந்து நிற்காத நாள் குறைவு. உழவு இயந்திரம் நன்றாக இருக்கும், நெல்லும் நன்றாக இருக்கும். பெட்டியின் ரயர் மட்டும் கிழிந்து கிடக்கும்.

கல் குத்தியது, ஆணி ஏறியது என்றுதான் நாம் சொல்வது வழக்கம். கிழிந்த ரயரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கதை வேறு. வெடிப்பு நிலத்தில் படும் பாகத்தில் இல்லை, பக்கச் சுவரில் இருக்கிறது. உள்ளே ரப்பர் தூள்தூளாக உதிர்கிறது. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறி முறிவதைப் போல, பக்கச் சுவரும் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் ரப்பருக்குள் இருக்கும் நூல் இழைகள் ஒட்டுவிட்டுப் பிரிகின்றன. சிறு கல் கடைசி வேலையைத்தான் செய்கிறது.

சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. மூன்று புசல் மூடை 63 கிலோ. நாற்பது மூடை ஏற்றினால் 2,520 கிலோ. பெட்டியின் சொந்த எடையைச் சேர்க்காமலே ஒவ்வொரு சில்லின்மீதும் ஒன்றேகால் தொன். காயாத நெல்லானால் இன்னும் கூடும். அதன்மேல் இரண்டு பேர் ஏறி உட்காருவார்கள். ரயரின் பக்கத்தில், அது தாங்கக்கூடிய கூடிய சுமை கிலோவிலும், அதற்கு வேண்டிய காற்று இறாத்தலிலும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய லொறி ரயரை வாங்கிப் போடுகிறவர்கள் அந்த எழுத்து தேயாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வீதியையும் சொல்ல வேண்டும். முன்பு வெருகலில் பாதையில் ஏறிக் கடந்த காலத்தில், குன்றும் குழியுமான வழியில் யாராலும் வேகமாக ஓட முடியவில்லை. இன்று பாலம் உண்டு, காபட் வீதி உண்டு. வேகமும் கூடிவிட்டது. பழைய பெட்டி, பழைய ரயர், புதிய வேகம்! வேகம் கூடினால் நசுங்கி நிமிர்வதும் கூடுகிறது, சூடும் கூடுகிறது. நடுப்பகல் வெயிலில் தார் கொடுக்கும் சூடு வேறு.

பனிச்சங்கேணிக்கு அருகில் இப்படி நின்ற ஒரு பெட்டிக்காரரிடம், "தம்பி, காற்றுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "பாதர், ஏத்தக்குள்ள காலால உதைச்சுப் பார்த்தன், கல்லு மாதிரி இரிந்திச்சு" என்றார். உதைத்துப் பார்ப்பது எம்மவர் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பாதிக் காற்றுப் போன தடித்த ரயரும் காலுக்குக் கல்லாகத்தான் தெரியும். காற்று அளக்கும் கருவியால் காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் காற்றமுக்கம் தானாகக் கூடும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடக் கூடாது.

புறப்பட்டுப் பத்து, பதினைந்து கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்துங்கள். புறங்கையை முதலில் கிட்டக் கொண்டுபோய், பிறகு இரண்டு ரயர்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதில் காற்றுக் குறைவு, அல்லது அந்தப் பக்கம் பாரம் கூட. சில்லின் குடம் சுட்டால் பெயாரிங்கில் கிறீஸ் இல்லை. ஓடிச் சூடான குடத்தை ஆற்றுத் துறையில் இறக்கினால் அது தண்ணீரை உள்ளே இழுக்கும், கிறீஸ் கெடும். வெருகல் பக்கத்து வயல்களில் தண்ணீருக்குள் இறக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரயர் போய்விட்டால், காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஓடிய ரயருக்குத் திரும்பக் காற்றடிப்பது ஆபத்து. இழை அறுந்த சுவர் காற்றடிக்கிறவரின் முகத்துக்கு நேரே வெடிக்கலாம். வீதியோர மணலில் ஜக் புதையும். ஆகவே ஒரு தடித்த பலகை எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும். இயந்திரத்திலிருந்து பெட்டியைக் கழற்றாமல், மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஆட்களை இறக்கி, பாரத்தையும் குறைத்து, நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். பூட்டும்போது எதிரெதிராக இறுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். இருட்டிவிட்டால் பெட்டியின் பின்னால் வெளிச்சம் இல்லாமல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

ஓடாத ரயரும் சாகும். 2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, எமது மக்கள் நடந்தும் காட்டு வழியாகவும் வெளியேறினார்கள். பெட்டியைக் கொண்டுபோக எல்லோராலும் முடியவில்லை. 2008, 2009இல் வன்னி மக்களுக்கோ பெட்டிதான் வீடாகவே இருந்தது. விட்டுப்போன பெட்டி பல மாதம் ஒரே இடத்தில் வெயிலில் நின்றால், ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். வெளியில் பூ முழுதாகத் தெரியும், பாரம் ஏற்றிய அன்று வெடிக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் செய்த ரயர்கள் பலவற்றில், 'டொட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் இலக்கத்தின் கடைசி நான்கும் அது பிறந்த வாரமும் ஆண்டும். 1418 என்றால் 2018இன் பதினான்காவது வாரம். பழைய ரயர் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்காமலே வயது தெரியும்.

2020இல் ரயர் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டதும், 2022இல் ரூபாய் விழுந்ததும், விலை எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சிறுபோகம் இல்லாத மாதங்களில் பெட்டியின் அச்சுக்குக் கீழே மரக்குற்றி கொடுத்துச் சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிடுங்கள். ரயர்களைச் சாக்கால் மூடுங்கள். வால்வு மூடி தொலைந்திருந்தால் புதிதாக ஒன்று போடுங்கள், அதற்கு அதிகம் செலவாகாது.