செப்பேடும் திறந்த குறியீடும்

புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் என்னும் ஊர் உள்ளது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. அதனை வடமொழியிலும் தமிழிலும் பொறித்த செப்பேடுகள் 1879-இல் கண்டெடுக்கப்பட்டன. கல்விச்சாலை மறைந்தது; அதைப் பற்றிய செய்தி நிலைத்தது.

அது நிலைத்ததற்குச் செம்பின் உறுதி மட்டும் காரணமன்று. அவ்வேட்டின் எழுத்து எவருடைய தனியுடைமையும் அன்று. கற்றவர் எவரும் அதனைப் படிக்கலாம். இவ்விரண்டாம் காரணமே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

நம் சபைகளில் முன்னர்க் கணினியில் ஏற்றிய பிரசங்கங்களும் பதிவேடுகளும் பல, தனித்தனி எழுத்துருக்களில் அமைந்தவை. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் மனம்போல் எண் வழங்கியது. அவ்வெழுத்துரு கைவிட்டுப்போனால், கோப்பு பழுதின்றி இருந்தும் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவான எண்ணை அளித்து இக்குறையை நீக்கிற்று.

எனினும் எழுத்து மட்டும் போதாது. இது தலைப்பு, இது ஊர்ப்பெயர், இது ஐயத்திற்குரிய பாடம் என்பதை அச்சில் தடித்த எழுத்தாலும் அடைப்புக்குறியாலும் காட்டுகிறோம். கண் அதை உணரும், கணினி உணராது. ஆகவே, <ஊர்>பாகூர்</ஊர்> என்று சொல்லின் இரு பக்கமும் அதன் தன்மையை எழுதிவைப்பதே குறியீட்டு மொழியின் முறை. அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அன்று, அது என்ன என்பதையே இம்முறை பதிகிறது. எனவே ஒரே மூலத்திலிருந்து நூலும், பெயரடைவும், தேடுபட்டியும் ஆக்கிக்கொள்ளலாம்.

இவ்வகை மொழிக்கு 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்னும் பன்னாட்டுத் தரம் உண்டாயிற்று. 1998-இல் அதன் எளிய வடிவான எக்ஸ்எம்எல் வெளிவந்தது. இலக்கியப் பாடங்களைக் குறியிடும் பொதுநெறியை வகுக்க அறிஞர் 1987-இலேயே அமெரிக்காவில் கூடினர். அந்நெறியின் வழிவந்த எப்பிடாக் முறை கல்வெட்டுகளுக்கு உரியது.

பாகூர், வில்லியனூர்க் கோயில்களின் கல்வெட்டுகள், குப்புசாமி தொகுத்து விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டு நூலில் 2006-இல் அச்சாயின. இத்தகைய சாசனங்களில் சிதைந்த எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது எது என்பதை எப்பிடாக் தனித்தனியே காட்டும். 2019-இல் தொடங்கிய ஐரோப்பியத் 'தர்மா' ஆய்வுத் திட்டம் தென்னாசியச் சாசனங்களுக்கு இம்முறையையே கைக்கொண்டது.

இதற்கும் எல்லை உண்டு. குறியிடுதல் உழைப்பை வேண்டுவது; ஒவ்வொரு குறியும் ஒரு பொருள்கோளே என்பதை வேதபாட ஆராய்ச்சி பயின்றோர் அறிவர். மேலும், செப்பேட்டுக்கு மின்சாரம் வேண்டாம். கோப்புக்கோ பல இடங்களில் படிகளும் அவற்றைப் பேணுவோரும் வேண்டும்.

ஆயினும், ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் சபைகள் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: இம்மென்பொருளை விற்றவர் மறைந்த பின்னும் இதனைப் படிக்க இயலுமா? யூனிகோடு எழுத்தில், திறந்த குறியீட்டில் எழுதினால், எளிய உரைக் கருவி ஒன்றே அதனைத் திறக்கப் போதும். பெயரும் தேதியும் பெற்றோரும் இன்னவரென அங்கேயே எழுதப்பட்டிருக்கும். நமக்குப் பின் வரும் போதகர் அதனைப் படித்தறிவார்.