நடுவில்லா வலை

முன்னாளில் தொலைபேசிக் கம்பிகள் யாவும் சில பெருநிலையங்களிலேயே வந்து கூடின. அவை அழியின், படைத்தலைவரின் ஆணை பாசறையை எட்டாது. 'ஆணையிட முடியாமற் போகுமோ' என்னும் அச்சமே முந்திக்கொண்டு தாக்கத் தூண்டும். அணுகுண்டுக் காலத்தில் இதனினும் கொடிய இடர் வேறுண்டோ? 1960-ஆம் ஆண்டளவில் இக்குறையை நீக்க முனைந்தவர், அமெரிக்க நாட்டு ராண்டு ஆய்வுக்கழகப் பொறியாளர் பால் பாரன் ஆவார்.

மீன்வலையை நோக்குங்கள். சில முடிச்சுகள் அறுந்தாலும் வலை குலைந்துவிடுவதில்லை. அவ்வாறே நடுவிடம் என ஒன்றின்றி, ஒவ்வொரு நிலையத்தையும் அண்டை நிலையங்கள் பலவற்றோடு இணைக்க எண்ணினார் அவர். இதற்குக் கணக்கற்ற கம்பிகள் தேவைப்படும் என்றே எவரும் நினைப்பர். ஆயின், இன்றியமையாத இணைப்புகளைப்போல் மூன்று நான்கு மடங்கே போதுமெனக் கணக்கு காட்டியது!

செய்தியைச் சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி பொறித்து விடுப்பர். சுடுகிழங்கைக் கையிலேந்தியவன் அதனை உடனே அடுத்தவனிடம் தள்ளுவதுபோல, நிலையத்துக் கணிப்பொறி அத்துண்டத்தைத் திறந்துள்ள வழியே செலுத்தும். ஒருவழி அடைபடின் மறுவழி. சேருமிடத்தில் அவை மீண்டும் வரிசையாகக் கோக்கப்படும். மறைமொழியில் செல்வதால், இடையே கைப்பற்றிய பகைவனுக்குப் பொருள் விளங்காது.

1964-இல் பாரன் தம் ஆய்வை வெளியிட்டார். தொலைபேசி நிறுவனத்தார் இம்முறையை ஏற்கவில்லை. படையும் அவ்வலையைக் கட்டவில்லை. எனினும் 1969-இல் நான்கு நிலையங்களை இணைத்துத் தோன்றிய ஆர்ப்பாநெட்டு, போருக்கன்றி ஆய்வாளர் பயனுக்கே அமைந்ததாயினும், செய்தியைத் துண்டாக்கி அனுப்பும் வழியையே மேற்கொண்டது.