பேரீச்சை சர்க்கரைக்கு மாற்று, மாத்திரைக்கு மாற்றல்ல

ரம்ஜான் நெருங்கினாலே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் கடைத்தெருக்களில் பேரீச்சம்பழம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிடும். மாலையில் நோன்பு திறக்கக் கை முதலில் போவது பேரீச்சைக்குத்தான்; நோன்புக் கஞ்சி அதற்கு அப்புறம். நிக்காஹ் முடிந்ததும் வந்தவர்களுக்கு வழங்குவது காய்ந்த பேரீச்சை. பெருநாள் காலையில் ஷீர் குர்மா என்னும் சேமியாப் பாயசத்தில் மிதப்பதும் அதுவே. அந்தக் கிண்ணம் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கும் கிறித்தவக் குடும்பத்துக்கும் போய்ச் சேரும். ஆற்காடு மக்கன் பேடாவைப் பிட்டால் உள்ளே திராட்சையும் முந்திரியும். தோல் தொழிலை நம்பி வாழும் இந்த ஊர்களில் உலர்பழம் எல்லா வீட்டு அடுக்களையிலும் புழங்கும் பொருள்.

அப்படிப் புழங்குவதாலேயே அதைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கைகளும் உண்டு. ரத்தம் ஊறும், சர்க்கரை நோயாளியும் தாராளமாகச் சாப்பிடலாம், எவ்வளவு தின்றாலும் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்கிறோம். பேரீச்சை நல்ல உணவு. எந்த வேலைக்கு நல்லது என்று தெரிந்து பயன்படுத்தினால்தான் அந்த நன்மை நமக்குக் கிடைக்கும்.

ரத்தம் ஊறுமா?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேல். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுப் பெண்கள்தான். களைப்பு, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் என்று வீட்டில் சொன்னால் உடனே கிடைக்கும் பதில், "தினம் ரெண்டு பேரீச்சம்பழம் சாப்பிடும்மா, ரத்தம் ஊறும்."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் தந்த பரிந்துரை. பேரீச்சையில் இருக்கும் இரும்பு அட்டவணைக்கு அட்டவணை மாறும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் 100 கிராமுக்குச் சுமார் 1 மில்லிகிராம். நம் நாட்டுப் பழைய அட்டவணையில் ஏறத்தாழ 7. அதிகமான அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், மொத்தம் 25 கிராம் எடையுள்ள மூன்று பழங்களில் கிடைப்பது 2 மில்லிகிராமுக்கும் கீழே. தாவர உணவில் உள்ள இரும்பில் உடம்பு உறிஞ்சிக்கொள்வதோ மிகச் சிறு பங்கு.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பிணிகளுக்கு 11. அந்த அளவுக்குக் கீழே இறங்கிய ஒருவரைப் பேரீச்சம்பழம் மட்டும் மீட்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையில்லாமல் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரை மீட்கும். கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டுப் பேரீச்சையை நம்பி மாதங்களைக் கடத்துவது எனக்கு மிகுந்த வேதனை தரும் காட்சி. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு. வயிறு புரட்டினால் மருத்துவரிடம் சொல்லி, சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

டீயோடு வேண்டாம்

ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் காலைச் சாப்பாடு போய்விடுகிறது. பத்து மணி இடைவேளையில் டீயும் பன்னும், அல்லது டீயும் பிஸ்கட்டும். பிஸ்கட்டுக்குப் பதில் மூன்று பேரீச்சையும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் கொண்டுபோனால் நல்ல மாற்றம்; பசியும் மதியம் வரை தாங்கும். ஆனால் டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

சர்க்கரை நோய் உள்ள வீட்டில்

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து தரும் மாத்திரைகளில் முக்கியமானது இந்த நோய்க்கானது. அந்த மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டே, "இது இயற்கைச் சர்க்கரை, ஒன்றும் செய்யாது" என்று பேரீச்சையைத் தட்டில் நிரப்பிக்கொள்கிறோம்.

பேரீச்சையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். சிறிய பழம் ஒன்று 8 கிராம் இருக்கும். அதில் 5 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு டீஸ்பூன். பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றில் 16 கிராம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐந்து வகைப் பேரீச்சைகளை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குறியீடு 50-ஐ ஒட்டியே இருந்தது; நாரும் சதையும் சேர்ந்து இருப்பதால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது. மெதுவாக ஏறினாலும் ஏறத்தான் செய்யும். பத்துப் பழம் சாப்பிட்டால் பத்து டீஸ்பூன் சர்க்கரை.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சிறிய பழம் ஒன்று இரண்டு எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் அல்லாமல் பருப்பு, கடலை, தயிர் ஏதாவதோடு சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. பேரீச்சை சிரப் வேறு கதை. நாரை எடுத்துவிட்டுக் காய்ச்சிய பாகு அது. சர்க்கரைப்பாகு போலவே அளந்து ஊற்ற வேண்டியது. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள் ரம்ஜானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை, இன்சுலின் நேரங்களை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நோன்பு திறக்கும்போது ஒரு பழம் போதும். அடுத்துக் கஞ்சி வரட்டும். ரோஸ் சிரப் கலந்த சர்பத்தைத் தவிர்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஷீர் குர்மா, சர்க்கரை குறைத்து

வீட்டுச் சமையலில் உலர்பழத்தின் உண்மையான மதிப்பு, சர்க்கரையை வெளியேற்றுவதில் இருக்கிறது. ஷீர் குர்மாவையே பாருங்கள். உருது பேசும் வீடுகளில் சுஹாரா என்று சொல்லும் காய்ந்த பேரீச்சை கல்போல் இருக்கும். அப்படியே பாலில் போட்டால் வேகாது. பத்துப் பன்னிரண்டு காய்களை முந்தைய இரவே ஊறப்போட வேண்டும். காலையில் விரலால் அழுத்தினால் தோல் உப்பிக் கொடுக்கும். நீளவாக்கில் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, நகக்கண் அகலத்துக்கு மெல்லிய நறுக்குகளாக்கி, ஒரு ஸ்பூன் நெய்யில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை வதக்குங்கள். ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவிட்டு, அதில் இந்த நறுக்குகளைப் போட்டுச் சிறுதீயில் இருபது நிமிடம் விடுங்கள். பால் சந்தன நிறத்துக்கு வரும். பேரீச்சையின் இனிப்பு பாலில் இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். இப்போது ஒரு ஸ்பூன் பாலை ருசி பார்த்துவிட்டுப் பிறகு சர்க்கரை டப்பாவைத் திறங்கள். வழக்கமாகப் போடுவதில் பாதிகூடத் தேவைப்படாது. வறுத்த சேமியா, சாரப்பருப்பு, பாதாம், ஏலக்காய் கடைசியில். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுவது புதுப்பழக்கம். ஊற்றினால் இத்தனை பாடும் வீண்.

மக்கன் பேடாவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கோவாவும் மைதாவும் பிசைந்து, பொரித்து, பாகில் ஊறவைத்த பண்டத்துக்குள் நாலு திராட்சை இருப்பதால் அது சத்துணவு ஆகிவிடாது. விசேஷத்துக்கு ஒன்று சாப்பிட்டு மகிழுங்கள்.

கேழ்வரகோடு கூட்டு

பெருநாளை விட அன்றாடம்தான் முக்கியம். கேழ்வரகுக் களியும் கூழும் வேலூர், திருப்பத்தூர் பக்கத்துச் சொந்தச் சாப்பாடு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசி பக்கத்தில் நிற்க முடியாது. களி பிடிக்காத பிள்ளைகளுக்கு உருண்டை செய்து கொடுக்கலாம். கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, வறுத்த எள்ளும் வேர்க்கடலையும் ஒன்றிரண்டாகப் பொடித்து, கொட்டை நீக்கிய மெத்தென்ற பேரீச்சையோடு சேர்த்துப் பிசைந்தால் வெல்லப்பாகு இல்லாமலே உருண்டை பிடிக்க வரும். மேலே ஒரு ஸ்பூன் நெய் போதும்.

புளிக்குழம்பில் கடைசியாகப் போடும் வெல்லத்துக்குப் பதில் இரண்டு பேரீச்சையை அரைத்து ஊற்றினால் குழம்புக்கு வழவழப்பும் வரும். சுண்டலுக்கான இனிப்புச் சட்னியைப் புளி, பேரீச்சை, சுக்கு வைத்தே செய்துவிடலாம். ஜவ்வாதுமலைச் சாமையில் பாயசம் வைக்கும்போது வெல்லத்தைப் பாதியாக்கி, மீதிக்கு ஊறவைத்த கருந்திராட்சையும் அத்திப்பழமும் சேர்த்துப் பாருங்கள். காய்ந்த அத்திப்பழத்தில் பேரீச்சையைவிட நாரும் கால்சியமும் அதிகம்; சர்க்கரை குறைவு. மலச்சிக்கலால் அவதிப்படும் பெரியவர்களுக்கு இரவில் ஊறவைத்த இரண்டு அத்திப்பழத்தை ஊறிய தண்ணீரோடு கொடுக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு

பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது பேரீச்சை கொடுக்கும் வழக்கத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஜோர்டானில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், கடைசி நான்கு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்ட 69 பேரில் 96 சதவீதம் பேருக்கு வலி தானாக வந்தது. சாப்பிடாத 45 பேரில் 79 சதவீதம். சிறிய ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் தினமும் ஆறு பழம் என்பது பெரிய சுமை. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறியும் பரிசோதனையை எளிமையாக்கி இந்தியா முழுவதும் கொண்டுபோகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரசு மருத்துவமனையில் இதைச் செய்துகொண்ட பிறகு பேரீச்சையின் எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள்.

யார் ஒதுங்க வேண்டும்?

சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் முதலில். பேரீச்சையில் 100 கிராமுக்கு 650 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். காய்ந்த ஆப்ரிகாட்டில் ஆயிரத்தைத் தாண்டும். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்காகத் தொலைவிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது உலர்பழப் பொட்டலம் வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. நோயாளிக்குச் சிறுநீரகக் கோளாறு என்றால் வேறு ஏதாவது கொண்டுபோங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள், ரசாயனம் புழங்கும் இடத்தில் வேலை செய்து மூச்சிழுப்பு வந்தவர்கள், பளபளக்கும் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட், பொன்னிறத் திராட்சை இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். நிறம் மங்காமலிருக்கக் கந்தக டைஆக்ஸைடு போடுவார்கள். சிலருக்கு அது இழுப்பைத் தூண்டும். உறையில் 220 என்ற எண்ணைத் தேடுங்கள். பழுப்பாக, கறுத்துப்போய் இருக்கும் ஆப்ரிகாட் பெரும்பாலும் கந்தகம் போடாதது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முழுப் பழமும் முழுப் பருப்பும் கொடுக்கக் கூடாது; தொண்டையில் அடைக்கும். பல்லில் ஒட்டும் பண்டம் என்பதால் சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது எல்லாருக்கும் அவசியம்.

வாங்கும்போதும் ஊறவைக்கும்போதும்

மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது சர்க்கரை பூத்ததாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கரைந்தால் சர்க்கரை. பஞ்சுபோல் நின்று, புளித்த வாடை அடித்தால் குப்பைக்குத்தான். ஒவ்வொரு பழத்தையும் பிளந்து உள்ளே பாருங்கள். கொட்டையைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருந்தாலும் வண்டு இருந்தாலும் வீசிவிடுங்கள். சில பொட்டலங்களில் பளபளப்புக்காகக் குளுக்கோஸ் பாகோ எண்ணெயோ தடவியிருப்பார்கள். உறையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். தூசி மொய்த்த உதிரிப் பழத்தை ஓடும் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள்.

ஊறவைக்க நல்ல குடிநீரையே பயன்படுத்துங்கள். தோல் பதனிடும் கழிவுகளால் பாலாற்றங்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. போர் தண்ணீரில் ஊறவைத்தால் பழம் அந்த உப்பையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய பழத்தை அன்றே சமைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் இரவு முழுவதும் ஊறுவதானால் பாத்திரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மீதமுள்ள காய்ந்த பழம் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது. மழைக்காலத்தில் மட்டும் டப்பாவை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.