இயந்திரம் வருமுன் பாதை போட்டவர்

வண்டி இருந்தால்தான் பாதையைப் பற்றி யோசிப்போம். மலையேறத்தக்க வண்டி உருவாகாத காலத்திலேயே, அது வந்தே தீரும் என்று நம்பி மலைமீது தண்டவாளம் போட்டவர் ஒருவர் இருந்தார். ஒஸ்திரியப் பொறியியலாளர் கார்ல் கேகா அவர்.

1802 இல் வெனிஸ் நகரில், அல்பேனிய வம்சாவளிக் குடும்பமொன்றிற் பிறந்தார். இருபது வயதை எட்டுமுன்னரே பதுவா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வீதிகளும் நீர்ப்பணிகளும் அமைத்துப் பழகிய பின்னரே புகையிரதத் துறைக்கு வந்தார். 1842 இல் அமெரிக்கா சென்று, மலைப்பாங்கான இடங்களிற் புகையிரதம் ஓடுவதை நேரிற் கண்டார்.

அக்காலத்தில் வியன்னாவிலிருந்து தெற்கே திரியெஸ்த் துறைமுகத்தை நோக்கிய பாதைக்குச் செம்மரிங் மலை குறுக்கே நின்றது. 1842 இல் வடபுறம் குளொக்னிற்ஸ் வரையும், 1844 இல் தென்புறம் மூர்ட்ஸ்சுஷ்லாக் வரையும் தண்டவாளம் வந்துவிட்டது. இடையிலிருந்த மலையைப் பயணிகள் குதிரை வண்டியிற் கடந்தனர். 40 அடிக்கு 1 அடி உயரும் பாதையைக் கேகா திட்டமிட்டார். நீராவி இயந்திரம் தன் பலத்தில் இதில் ஏறாது, கயிறு கட்டியே இழுக்கவேண்டும் என்றனர் எதிர்த்தவர்கள்.

1848 இல் புரட்சி வெடித்தது. வியன்னாவில் வேலையற்றோருக்கு உடனே வேலை கொடுக்கவேண்டிய நெருக்கடி அரசுக்கு ஏற்பட்டது. கேகாவின் திட்டம் அவ்வாண்டிலேயே தொடங்கியது. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கு உழைத்தனர். டைனமைற் அறியப்படாத காலம். வெடிமருந்தாலும் கைக்கருவிகளாலும் பாறை உடைத்து, 41 கிலோமீற்றர் பாதையில் 14 சுரங்கங்களையும் 16 பெரும் பாலங்களையும் அமைத்தனர். பள்ளத்தாக்குகளைக் கடக்கும் அப்பாலங்கள் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. சில இரண்டடுக்கு வளைவுகள் கொண்டவை.

வேலை நடந்துகொண்டிருக்கையில், 1851 இல், இயந்திரத்துக்கான போட்டியொன்று நடத்தப்பட்டது. நான்கு இயந்திரங்கள் போட்டியிட்டன, நான்குமே மலையேறின! ‘பவேரியா’ முதற் பரிசு பெற்றது. எனினும் அன்றாடச் சேவைக்கு அவற்றில் எதுவும் உகந்ததாக அமையவில்லை. பின்னர் வில்ஹெல்ம் எங்கெர்த் வடிவமைத்த இயந்திரமே அக்குறையைத் தீர்த்தது. 1854 ஜூலையிற் பயணிகள் சேவை ஆரம்பமாகியது. கேகாவின் கணக்குப் பிழைக்கவில்லை.

ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. நெருக்கமான குடில்களிற் பரவிய கொலராவும் தைபஸ் காய்ச்சலும் நூற்றுக்கணக்கான தொழிலாளரைக் கொண்டுபோயின. 1851 இல் பிரபுப் பட்டம் பெற்ற கேகாவும் நெடுங்காலம் வாழவில்லை. 1860 இல், 58 ஆவது வயதில், காசநோயால் மறைந்தார்.

ஒஸ்திரியா வெளியிட்ட 20 ஷில்லிங் நாணயத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. 1998 இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுரிமையாக அறிவித்தது. அவர் அமைத்த வளைவுகளின்மேல் இன்றும் புகையிரதங்கள் ஓடுகின்றன. அக்கற்களை அடுக்கிய கைகளையும் அவரோடு சேர்த்தே நினைப்போம்.