தாமஸ் அன்னனின் கிளாஸ்கோ தெருப் படங்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இடிக்கப்படவிருந்த பழைய குடியிருப்புப் பகுதியை, 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னன் (1829–1887) ஒளிப்படங்களாகப் பதிவு செய்தார். நகர்ப்புற ஏழைகளின் வாழ்விடத்தை முறையாகப் பதிவு செய்த தொடக்ககாலத் தொகுப்புகளுள் இதுவும் ஒன்றாகும்.

பின்னணி

தொழிற்புரட்சிக் காலத்தில் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பகுதிகளிலிருந்தும் வேலை தேடிப் பலர் கிளாஸ்கோவுக்கு வந்தனர். 1801-இல் சுமார் 77,000 ஆக இருந்த மக்கள்தொகை 1861-இல் ஏறத்தாழ 4 இலட்சமாக உயர்ந்தது. வசதி படைத்தோர் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். ஹை ஸ்ட்ரீட், சால்ட்மார்க்கெட், கேலோகேட் ஆகிய பழைய தெருக்களில் ஏழைகள் நெருக்கமாகக் குடியேறினர். தெருவோர வீடுகளின் பின்புறத்தில் இருந்த நீண்ட தோட்டங்களிலும் அடுக்கு வீடுகள் எழுந்தன. அவற்றுக்குச் செல்ல ‘குளோஸ்’ எனப்படும் குறுகிய முடுக்குகளே வழியாக இருந்தன. காற்றும் வெளிச்சமும் குறைந்த இப்பகுதிகளில் காலரா, டைபஸ் நோய்கள் பரவின. 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, 88 ஏக்கர் பரப்பைச் சீரமைக்கத் திட்டமிட்டது. இடிப்பதற்கு முன் தெருக்களைப் படமெடுக்கும் பணியை அன்னனிடம் ஒப்படைத்தது.

படமெடுத்த முறை

அன்னன் ஈரக் கொலோடியன் முறையைப் பயன்படுத்தினார். கண்ணாடித் தகட்டில் இரசாயனப் பூச்சு உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். இருண்ட முடுக்குகளில் தகட்டின் மீது நெடுநேரம் ஒளி விழச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் அசையாமல் நின்றவர்கள் தெளிவாகவும், அசைந்தவர்கள் புகை போலவும் பதிந்தனர். நடந்து சென்றவர்கள் பதியாமலும் போயிருக்கலாம். எனவே படத்தில் வெறிச்சோடித் தோன்றும் முடுக்கு உண்மையில் ஆளற்றது என்று கருதக் கூடாது.

படங்களின் உள்ளடக்கம்

உயர்ந்த கற்சுவர்கள், நடுவே ஓடும் சாக்கடை, தலைக்கு மேல் கழிகளில் உலரும் துணிகள், வாசலில் நிற்கும் பெண்களும் குழந்தைகளும் இப்படங்களில் காணப்படுகின்றனர். ‘ஹை ஸ்ட்ரீட், 118-ஆம் எண் குளோஸ்’ போன்ற தலைப்புகளே உள்ளன. இடம் குறிக்கப்பட்டுள்ளது, அங்கே நின்றவர்களின் பெயர்கள் குறிக்கப்படவில்லை.

அதே ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்களையும் அன்னன் படமெடுத்தார். பல்கலைக்கழகம் 1870-இல் கில்மோர்ஹில்லுக்கு மாறியது. பழைய இடம் இரயில்வே வசமானது. ஆயினும் பழைய முகப்பின் கற்கள் பின்னர் புதிய வளாகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, ‘பியர்ஸ் லாட்ஜ்’ என்ற கட்டடமாக இன்றும் நிற்கின்றன. முடுக்கு வீடுகளுக்கு அத்தகைய வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பதிப்புகள்

முதல் தொகுப்பு 1871-இல் அல்புமின் அச்சுகளாக வெளிவந்தது. 1870-களின் இறுதியில் 40 படங்கள், எளிதில் மங்காத கார்பன் முறையில் அச்சிடப்பட்டன. 1900-இல் 50 படங்கள் கொண்ட பதிப்பு வெளியானது.

முக்கியத்துவம்

இடிப்பு நடந்த வேகத்தில் புதிய வீடுகள் எழவில்லை. 1878-இல் கிளாஸ்கோ நகர வங்கி வீழ்ந்ததும் திட்டப் பணி முடங்கியது. வெளியேற்றப்பட்ட பலர் அருகிலிருந்த நெரிசலான வீடுகளிலேயே ஒண்டினர். மறையவிருந்த கட்டடங்களின் நினைவாக எடுக்கப்பட்ட இப்படங்கள், இன்று அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றிய சான்றாகவும் பயில்கின்றன. அவற்றை நோக்கும் மாணவர்கள், சுவர்களுடன் அந்த மங்கிய உருவங்களையும் கவனிக்க வேண்டும்.